நிழற்படமும் ஒளிப்படமும்

பெங்களூருவில் குடியேறிய தமிழர்க்கு இந்நகரம் பலவற்றை வழங்கியுள்ளது. தொழில் தந்தது; நிழல் தந்தது; கோடையிலும் உடல் வாடாத காற்றைத் தந்தது. கடலை மட்டும் தர இயலவில்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், தக்காண மேட்டுநிலத்தில் அமர்ந்திருக்கும் ஊர் இது. கிழக்கே சென்னைக்கும் மேற்கே மங்களூருவுக்கும் சாலை வழித் தொலைவு ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொன்றும் 350 கிலோமீட்டர் அளவு. இரு கடல்களுக்கும் நடுவே இருந்துகொண்டு இரண்டையும் காணாமல் வாழ்கின்றோம்.

கதிரவன் கடலில் மறைவதைக் காண விரும்புவோர் மேற்கே செல்வர். கடலிலிருந்து எழுவதைக் காண விரும்புவோர்க்குக் கிழக்கே இறங்குவதன்றி வேறு வழியில்லை. அலுவலகப் பணியில் இருந்த காலந்தொட்டு, வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் ஏறிச் சனிக்கிழமை விடியுமுன் சோழமண்டலக் கரையில் ஏதேனும் ஓரிடத்தில் காமிராவுடன் நிற்பதை வழக்கமாகக் கொண்டிருந்தேன். மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி என்று கரையோரமாகவே என் விடுமுறைகள் கழிந்தன.

இங்கு இலக்கண நூலார் ஒருவர் அருகிருந்தால் தடை எழுப்பக்கூடும். தொல்காப்பியர் வைகறையையும் விடியலையும் மருதத்திற்குரிய சிறுபொழுதுகளாக வகுத்தார். நெய்தலுக்கு அவர் தந்தது எற்பாடு. கதிரவன் சாயும் பிற்பகல் என்றே அதற்குப் பெரும்பாலும் பொருள் கொள்வர். அவ்வாறாயின் விடியற்காலையில் கடற்கரையில் முக்காலியை ஊன்றி நிற்பவன் மருதத்தின் பொழுதை நெய்தல் நிலத்தில் தேடுகின்றான். இதை நகைச்சுவையாகவே நண்பர்களிடம் சொல்லி வந்தேன். ஆயினும் அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. கடற்கரையில் வாழும் மக்களுக்கு விடியல் என்பது காட்சிக்குரிய பொழுதன்று, உழைப்புக்குரிய பொழுது. காட்சியைத் தேடி வருபவன் வெளியூரான்.

இக்கலைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது மக்கள் வழக்கு. தமிழ் அன்பர் சிலர் நிழற்படம் என்றனர். வேறு சிலர் ஒளிப்படம் என்றனர். அகராதியில் இவ்விரண்டும் ஒரு பொருளன. கடற்கரை விடியலில் இவை ஒரு பொருளன அல்ல என்பதை எனக்குச் சிலர் சொல்லித் தந்தனர். அவருள் சிலர் கலைமன்ற நடுவர்கள், சிலர் மீனவர். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஒளிப்படக் கலையைக் கூடிப் பயிலும் மரபு பெங்களூருவில் ஆழ வேரூன்றியது. மருத்துவரான ஜி. தாமஸ் இந்நகரில் இருந்துகொண்டே இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பை உருவாக்குவதில் முன்னின்றவர். 1971-இல் யூத் போட்டோகிராபிக் சொசைட்டி இங்கே தோன்றியது. ஓ. சி. எட்வர்ட்ஸிடம் பயின்று, காட்டுயிர்ப் படக்கலையில் புகழ் எய்திய டி. என். ஏ. பெருமாள் (1932–2017), தம் பெயரின் முதலெழுத்தில் தஞ்சாவூரைச் சுமந்த பெங்களூருவாசி. தாம் எடுத்த படங்களால் மட்டுமன்றித் தாம் பயிற்றுவித்த இளைஞர்களாலும் நினைக்கப்படுபவர் அவர். ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் குறை சொல்வதும், சொன்னதைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் கருவியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவதும் இந்நகரத்து ஆர்வலர்க்குப் பழகிய ஒழுக்கம்.

நான் உறுப்பினனாக இருந்த மன்றம் மிகச் சிறியது. மாதத்தில் ஒரு மாலை கூடுவோம். சாய்வுப் பலகையில் படத்தை வைப்பார்கள். எடுத்தவர் பெயர் சொல்லப்படாது. நடுவராக வந்தவர் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறத்தல் கூடாது. எல்லா விதிகளினும் கடினமான விதி இதுவே. படம் எடுத்த அன்று எவ்வளவு குளிர், எத்தனை மணிக்கு எழுந்தோம், பேருந்து எங்கே நின்றுபோயிற்று என்பன எல்லாம் நம் நெஞ்சில் அப்படத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. நடுவர்க்கோ பலகையில் உள்ளது மட்டுமே படம். அவர் அடிவானம் சாய்ந்திருக்கிறது என்று சொன்னால் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. கவியரங்கத்தில் பாடலை அரங்கேற்றியவர்க்கு இந்நிலை புரியும்.

போட்டிக் கண்காட்சிகளின் முறை வேறு. 1950-இல் தோன்றிய பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பின் ஆதரவில் உலகெங்கும் நடைபெறும் இக்கண்காட்சிகளில் வழக்கமாக மூன்று நடுவர்கள் அமர்ந்து ஒவ்வொரு படத்திற்கும் மதிப்பெண் இடுவர்; மூன்றையும் கூட்டிக் கொள்வதும் தள்ளுவதும் முடிவாகும். படங்கள் ஆயிரக்கணக்கில் வருவதால் ஒரு படத்திற்குக் கிடைப்பது சில நொடிகளே. அந்நொடிகளுக்குள் தன்னை முழுமையாகச் சொல்லிவிடும் படமே வெல்லும். கடலோர விடியற் படங்கள் இப்போட்டிகளில் இத்தனை மிகுதியாக வெல்வதற்குக் காரணம் அவற்றின் அழகு மட்டுமன்று என்பது என் கருத்து. செவ்வானம், நெருப்பு வட்டம், அதன் முன் கரிய மனித உரு ஒன்று என்றால் அதைப் புரிந்துகொள்ளக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

அந்தக் கருமை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

கதிரவனின் வட்டம் வானில் அரைப் பாகை அகலமே உடையது. முதற்கீற்று தோன்றியதிலிருந்து முழுவட்டமும் அடிவானத்தை விட்டு எழ நம் கரையில் இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேலாகும். இதிலும் ஒரு வியப்புண்டு. காற்று மண்டலம் ஒளியை வளைத்துத் தருவதால், அடிவானத்தைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் கதிரவன் உண்மையில் அப்போது அடிவானத்திற்குக் கீழே இருக்கின்றான். பொருள் வருமுன் அதன் உருவம் வந்துவிடுகிறது. அவ்வேளையில் கதிர்கள் நெடுந்தொலைவு காற்றை ஊடுருவி வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப் போகச் செம்மை எஞ்சுகிறது.

ஒளிச்சிதறல் பற்றிப் பேசும்போது பெங்களூருவில் வாழ்பவன் சர் சி. வி. இராமனை நினையாதிருத்தல் இயலாது. 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இங்கு வந்து, 1970-இல் இங்கேயே மறைந்தவர் அவர். 1921-இல் இங்கிலாந்து சென்ற கடற்பயணத்தின்போது நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. கடலின் நீலம் வானத்தின் எதிரொளியே என்பது அறிஞர் இராலேயின் கருத்து. இராமன் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்முன் பிடித்து, நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வானொளியை விலக்கிப் பார்த்தார். அதன் பின்னும் நீலம் நீங்கவில்லை. நீரின் மூலக்கூறுகள் தாமே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டு எழுதினார். இன்று ஒளிப்படக்காரர் வில்லையின் முன் பொருத்தும் போலரைசர் என்னும் வடிகட்டி செய்யும் வேலையும் அப்பட்டகம் செய்த வேலையே. மேற்பரப்பின் பளபளப்பை விலக்கிவிட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க அது உதவுகிறது.

கருமைக்கு வருவோம். விடியற் கடற்கரையில் கதிரவனைச் சூழ்ந்த வானத்திற்கும், நம்மை நோக்கியுள்ள மனிதனின் நிழல் விழுந்த முகத்திற்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடு மிகப் பெரிது. அந்நாளில் நாங்கள் பயன்படுத்திய வண்ணச் சிலைடுப் பிலிம், ஒன்றைவிட ஒன்று இருமடங்காக உயரும் படிகளில் ஏறத்தாழ ஐந்தையே தாங்கும். வேறுபாடோ பத்துப் படிகளையும் கடந்து செல்லும். வானத்திற்கு அளவு வைத்தால் மனிதன் கரியாவான். மனிதனுக்கு அளவு வைத்தால் வானம் வெளுத்துச் சுண்ணாம்புச் சுவராகிவிடும். நம் கண் இரண்டையும் மாறி மாறி அளந்து ஒன்றாக்கிக் காட்டுகிறது. பிலிமுக்கு அத்திறம் இல்லை. ஆகவே அனைவரும் வானத்தைத் தேர்ந்தனர். பிலிமின் எல்லையாகத் தொடங்கியது நாளடைவில் கலைஞரின் சுவையாயிற்று. இன்றைய மின்னணுக் கருவிகள் பன்னிரண்டு படிகளுக்கு மேலும் தாங்கும். இருந்தும் விடியற் படங்களில் மீனவர் இன்னும் கரிய உருவங்களாகவே நிற்கின்றனர். இப்போது அதற்குப் பிலிமைக் காரணம் சொல்ல முடியாது.

1998 பிப்ரவரியில் ஒரு காலை, புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மீனவர் குப்பம் ஒன்றில் கரைவலை இழுப்பதைப் படமாக்கினேன். கரைவலையை அறியாதார் பொருட்டு ஒரு சொல். வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் சென்று அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே மறுபடியும் கரைக்குத் திரும்பும். பிறகு இரு முனைகளிலும் ஆள்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கும். இறுதியில் மீன் நிறைந்த மடி கரை சேரும். இதற்குத் தேவை மூன்று. வலை வேண்டும், ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, காலூன்றிப் பின்வாங்கி நடந்து இழுக்க அகன்ற மணற்பரப்பு வேண்டும்.

அம்மன் கோயில் படியில் முக்காலியை ஊன்றி நின்றேன். நேரம் 6.40. கதிரவன் அடிவானத்தை விட்டுச் சற்றே எழுந்திருந்தான். ஒரு கயிற்றில் பதினொருவர் பின்னோக்கிச் சாய்ந்து நின்றனர். அவர்களுக்கும் எனக்கும் இடையே ஈர மணலும் உலர்ந்த மணலுமாக நீண்ட பரப்பு.

மன்றத்தில் அப்படத்தைப் பலகையில் வைத்தபோது மூன்று நடுவர்கள் பேசினர். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தனித்தனியே பிரிந்து நிற்பதை முதல்வர் பாராட்டினார். நான்காம் ஆளுக்கும் ஐந்தாம் ஆளுக்கும் இடையில் உள்ள வெளியில் கதிரவன் அமைந்ததை இரண்டாமவர் பாராட்டினார். மூன்றாமவர் மூத்தவர், அளந்து பேசுபவர். அவர் சொன்னார்: “கீழே மூன்றில் ஒரு பங்கு வெற்று மணல். பார்ப்பவர்க்கு அதில் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு இடப்பக்க மூலையில் ஒரு மரக்கட்டை துருத்திக்கொண்டிருக்கிறது. கீழ்ப்பகுதியை வெட்டிவிடுங்கள்.”

அவர் சொன்னபடியே வெட்டி அச்சிட்டேன். படம் இறுகியது, கயிற்றின் விசை கூடியது. அந்த வடிவில் அது இரண்டு கண்காட்சிகளில் இடம் பெற்றது. படத்தைப் படமாகப் பார்க்கும் கண்ணுக்கு அவர் சொன்னதில் குறையொன்றும் இல்லை என்றே இன்றும் சொல்வேன். சிலைடை மட்டும் யாரும் வெட்டுவதில்லை. அது முழுமையாகவே பெட்டியில் கிடந்தது.

நடுவர் சொல்லின் வலிமை பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்குப் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் நினைவு வரும். லெ ஆவர் துறைமுகத்தில் கதிரவன் எழுவதை 1872-இல் அவர் ஓர் ஓவியமாகத் தீட்டினார். ‘மனப்பதிவு, கதிரவன் எழுச்சி’ என்பது அதன் பெயர். 1874-இல் பாரிசில் அவரும் நண்பர்களும் அதைக் காட்சிக்கு வைத்த இடம் ஓவியக் கூடமன்று; நாடார் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக்காரர் முன்னர்த் தொழில் நடத்திய கூடம். (நம்மூர்ப் பெயர்போல் ஒலித்தாலும் அவர் பிரெஞ்சுக்காரர்.) லூயி லெராய் என்ற திறனாய்வாளர் அவ்வோவியத்தைச் சுவரில் ஒட்டும் தாளோடு ஒப்பிட்டு எள்ளினார், தலைப்பிலுள்ள ‘மனப்பதிவு’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு அக்குழுவினரைக் கேலி செய்தார். கேலிக்கு இட்ட பெயரே அவ்வியக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அவ்வோவியத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. செம்மஞ்சளாய் எரியும் அந்தக் கதிரவனின் ஒளியளவு, சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் ஒளியளவே. கறுப்பு வெள்ளைப் படமாக்கிப் பார்த்தால் கதிரவன் ஏறத்தாழ மறைந்துவிடுவான்! கதிரவனைப் பிறவற்றினும் ஒளி மிக்கதாகத் தீட்டாமலே விடியலைத் தீட்ட முடியும் என்று ஓர் ஓவியன் காட்டிவிட்டான். ஒளிப்படக்காரர் நாங்கள் அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

படம் எடுப்பவர் படத்தை எடுத்த இடத்திற்கே கொண்டு சென்று கொடுக்கும் வழக்கம் எங்களிடையே அரிது. அடுத்த ஆண்டு அதே குப்பத்திற்குச் சென்றபோது இரண்டு படிகளை எடுத்துச் சென்றேன். கோயில் படியில் கூடியிருந்தோர் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தனர். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த முதியவள் ஒருத்தி படத்தை முன்னும் பின்னும் திருப்பினாள்.

“இது யாருங்க ஐயா? அத்தினி பேரும் கரிக்கட்டையாட்டம் நிக்கிறாங்களே. மூஞ்சி இல்லாம எப்படிங்க படம்?”

சுற்றியிருந்தோர் சிரித்தனர். வெளிச்சம் எதிரில் இருந்தால் அப்படித்தான் வரும் அம்மா என்றேன். “அப்ப இந்தாண்ட வந்து நின்னு எடுக்கறதுதானே?” என்றாள். கடலைக் காட்டிக் கை நீட்டினாள். அவள் சொன்ன ‘இந்தாண்ட’ முழங்கால் அளவு நீர்.

நடுவயதுடைய மீனவர் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் பார்த்தது வேறு. “இது மாசி பொறக்கற சமயம். சூரியன் இன்னும் தெக்கால தள்ளித்தான் கெளம்புது. வலை பாதிகூட வரலை. ஆளுங்க சாயறதப் பார்த்தா நீரோட்டம் இழுக்குது, நல்லா இழுக்குது” என்றார். அவர் சொன்ன மாதம் சரி. கதிரவன் எழும் இடம் ஆண்டு முழுவதும் அடிவானத்தில் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். நம் கரையில் ஜூன் மாதம் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கேயும் டிசம்பரில் அதே அளவு தெற்கேயும் ஒதுங்கும். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து அறிந்துகொண்டு செல்வதை அவர் படத்தின் ஓர் ஓரத்தைப் பார்த்துச் சொன்னார். நடுவர்கள் மூவரும் படத்தைப் பார்த்தனர். இவர் படத்தின் வழியே கடலைப் பார்த்தார். கிழவியோ படத்தில் தன் மக்களைத் தேடினாள்.

அவள் வினா அப்படத்தைத் தாழ்த்தவில்லை. அது இன்னொரு படத்தைக் கேட்டது. அன்று முதல் விடியலில் கதிரவனுக்கு முதுகைக் காட்டி நிற்கத் தொடங்கினேன்.

அவ்வாறு நிற்பது எளிதன்று. பழகிய அழகுகள் அனைத்தும் முதுகுப் பக்கம் போய்விடுகின்றன. எதிரே இருப்பவை குடிசைகள், காயும் வலைகள், பிளாஸ்டிக் குடங்கள், மனிதர்கள். கதிரவன் எழுந்தபின் ஒளி நேரே முகத்தில் அடிப்பதால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவர். எழுவதற்கு முன் உள்ள இருபது நிமிடங்களே நல்ல நேரம் என்று பழகப் பழகத் தெரிந்தது. அப்போது கீழ்வானம் முழுவதும் ஒரு விளக்காகி, நிழலே விழாத மெல்லொளியை மேற்கு நோக்கி அனுப்புகிறது. அவ்வொளியில் கயிறு இழுப்பவனின் கழுத்து நரம்பும், உப்பு வெளுத்த புருவமும், பல்லைக் கடித்திருக்கும் வாயும் தெரிகின்றன. வேறொன்றும் மாறியது. கரிய உருவை எடுக்க யார் அனுமதியும் கேட்டதில்லை. முகத்தை எடுக்கக் கேட்டாக வேண்டும். சிலர் வேண்டாம் என்றனர். வேண்டாம் என்று சொன்னவரோடுதான் பேச்சு நீண்டது.

சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலை 1959-இல் திறக்கப்பட்டது. பாறையை நெம்பும் நால்வரின் தோளிலும் முதுகிலும் ஒவ்வொரு தசையும் திரண்டு நிற்கும்படி அவர் உழைத்திருக்கிறார். அதைப் படமாக்குவோரில் எத்தனையோ பேர் விடியலில் சென்று, அதன் பின்னே செவ்வானம் வரும்படி நின்று, நால்வரையும் கரியாக்கிக் கொண்டு வருகின்றனர். வடிவம் எஞ்சுகிறது, உழைப்பு காணாமற் போகிறது. அச்சிலையின் பெயரே உழைப்பைப் பற்றியது!

மன்றத்தில் என் புதிய படங்களுக்குக் கிடைத்த வரவேற்பு கலவையானது. “விடியல் என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள், கதிரவன் எங்கே?” என்றார் ஒருவர். அவர்கள் முகத்தில் இருக்கிறான் என்று சொல்ல நா எழுந்தது, விதி தடுத்தது. வேறொருவர், இது நாளிதழுக்கு ஏற்ற படம், கண்காட்சிக்கு ஏற்றதன்று என்றார். மூத்த நடுவர் மட்டும் ஒரு படத்தை அருகே எடுத்துச் சென்று பார்த்துவிட்டு, முகம் கூர்மையாக இருக்கிறது, கை அசைந்து மங்கியிருக்கிறது, இழுப்பவனுக்குக் கையல்லவா முகம் என்றார். இன்றும் எண்ணி மகிழத்தக்க சொல் அது. மறுமுறை ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். கண்காட்சிகள் அப்படங்களை அதிகம் ஏற்கவில்லை. குப்பத்து வீடுகளில் அவை சுவரேறின.

இத்துடன் கதை முடிந்திருந்தால் ஒளிப்படம் உயர்ந்தது, நிழற்படம் தாழ்ந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவ்வாறு முடியவில்லை.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று, நடந்துகொண்டே இருப்பது. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதனை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவ மாதங்களில் தெற்கே தள்ளுகின்றன. கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. இந்நடைக்குக் குறுக்கே கடலுக்குள் ஒரு சுவர் எழுப்பினால் தென்புறம் மணல் குவியும். வடபுறம் வரவேண்டிய மணல் வராமையால் கரை தேயும். 1870-களில் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் உட்புகுந்ததும் இதனாலேயே. நூறாண்டுகள் கழித்து, 1980-களின் இறுதியில் புதுச்சேரியின் தென்பகுதியில் துறைமுகத்திற்கென அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. நகரத்துக் கடற்கரையின் மணல் சில ஆண்டுகளில் போயிற்று; கருங்கற் குவியல் அதன் இடத்தைப் பிடித்தது. கல் கொட்டிய இடம் தப்பும். அதற்கு வடக்கே உள்ள இடம் அடுத்துத் தேயும். இவ்வாறு தேய்வு குப்பம் குப்பமாக வடக்கே ஏறியது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018–19 அளவில் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தபின் நகரத்துக் கரையில் மணல் ஓரளவு மீண்டது. வடக்கே உள்ள குப்பங்களின் கதை வேறு.

2013-இல் ஒருநாள் மாலை எனக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. படத்தைப் பார்த்து மாதம் சொன்ன அந்த மீனவர். படியின் பின்புறம் நான் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருந்தார்.

“ஐயா, அந்தக் கரிக்கட்டைப் படம் முழுசா இருக்குதுங்களா? எங்ககிட்ட இருக்கறதுல மணலக் காணோம்.”

குப்பத்தின் முன் கல் கொட்டிவிட்டார்கள் என்றும், கரைவலை இழுக்க இடமின்றி வலை பரணில் கிடக்கிறது என்றும் சொன்னார். ஊர்ப் பஞ்சாயத்தார் அரசுக்கு மனு எழுதுகின்றனர். முன்பு கரை இவ்வளவு அகலம் இருந்தது என்று வாயால் சொன்னால் எழுதிக்கொள்வார் இல்லை. அவருக்கு நினைவு வந்தது அந்தப் படம். நான் பின்னாளில் பாடுபட்டு எடுத்த முகப் படங்கள் பலவும் அவர்கள் வீட்டில் இருந்தன. அவற்றில் கதிரவனும் இல்லை, கடலும் இல்லை, கரையின் அகலமும் இல்லை. கடலை நோக்கி நின்று எடுத்தது அந்த ஒன்றே.

சிலைடு பூஞ்சை பிடிக்காமல் இருந்தது. முழுமையாக நுண்பகர்ப்பு எடுத்து, ஒன்றரை அடி அகலத்தில் அச்சிட்டுக்கொண்டு நேரில் சென்றேன். கோயில் படியில் படத்தை விரித்தோம். படிக்குச் சற்று முன்னே கற்குவியல்; அதன் அடியில் அலை. பதினொருவர் நின்ற இடத்தில் கடல்.

மூத்த நடுவர் வெற்று மணல் என்று சொன்ன பகுதியில் மீனவர் விரலை வைத்தார். பிறகு இடப்பக்க மூலையில் துருத்திக்கொண்டிருந்த மரக்கட்டையைத் தொட்டார். அது கரையேற்றி வைத்த கட்டுமரம் ஒன்றின் முனை. யாருடைய கட்டுமரம், எத்தனை முழம் என்பதைச் சுற்றியிருந்தோர் உடனே சொன்னார்கள். அதைக் கோலாக வைத்து, நான் நின்ற படியிலிருந்து கயிறு இழுத்தவர் நின்ற இடம்வரை மணலில் எத்தனை கட்டுமர நீளம் என்று இளைஞன் ஒருவன் அளக்கத் தொடங்கினான். தொலைவு கூடக் கூடப் படத்தில் நீளம் சுருங்கித் தெரியும் என்று நான் இடைமறித்தேன். “தெரியுங்க ஐயா, கடல்ல நாங்க தெனமும் அப்படித்தானே தூரம் பாக்கறோம்” என்றான்.

பின்புறத்தில் நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்திடச் சொன்னார்கள். எழுதினேன். கூட்டத்தில் கூடைக்காரக் கிழவியும் இருந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். மூஞ்சி இல்லையென்று முன்பு சொன்னவள், “இவன் வலது கால மடக்கித்தான் இழுப்பான்” என்று மூன்றாம் உருவைத் தொட்டு ஒரு பெயரைச் சொன்னாள். ஏழாவது ஆளைத் தலைப்பாகைக் கட்டை வைத்து இன்னொருவர் சொன்னார். பெயர்களையும் எழுதுங்கள் என்றார்கள். பதினொருவரில் ஒன்பதுபேர் பெயரை எழுதி முடித்தோம். எஞ்சிய இருவர் யார் என்பதில் அன்று மாலை நான் பேருந்தேறும்வரை வழக்கு ஓயவில்லை.